இரண்டு ஸ்பூன் எண்ணெய்

ஜனவரி 4, சனி

அக்காவுக்கு,

நான் கடிதம் எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பக்கத்தில் படுத்திருக்கும் தங்கையை எழுப்பாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு என்ன எழுதுவது? போர்வையை மட்டும் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டுப் போயிருந்தாய். அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

இப்போது எழுதுவது கோபத்தில் இல்லை. பயத்தில்.

மேல்மாடி நர்ஸம்மாவின் பையன் வண்டு இருக்கிறானே, படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் வாயை மூடிக்கொண்டு ஙொய் என்று சத்தம் போடுவானே, அவனுக்கு வருகிற இருபத்தைந்தாம் தேதி ஆறு வயது முடிகிறது. ஏதோ பத்திரிகையில் சாக்லேட்டில் முக்கியெடுத்த ஸ்ட்ராபெரி படத்தைப் பார்த்துவிட்டான். பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், அதுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அப்பா உன்னிடம் பேசுவதில்லை. ஆனால் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார். நர்ஸம்மாவிடமும் சொல்லிவிட்டார். "எம் பெரிய பொண்ணு ஹோட்டல்ல சாக்லேட் வேலைதாங்க பாக்குறா. சின்னவளுக்கும் அதே கைதான். சொன்னா செஞ்சு குடுப்பா." நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ போன பிறகுதான் நான் அடுப்பையே பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். அது அவருக்கே தெரியும். தினமும் அவர்தானே சாப்பிடுகிறார்.

மறுநாள் நர்ஸம்மா நம் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலைக்குப் போகும் உடையில் இருந்தார், உட்காரவில்லை. "இங்க பாரும்மா. அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. பிடிக்காதுன்னு சொல்லல, ஆகவே ஆகாது. ஒரு துணுக்கு உள்ள போனாலும் உதடு வீங்கும், தொண்டை அடைச்சுக்கும், மூச்சு நின்னுடும். கடையில எத வாங்கினாலும் உறையில 'கடலை கலந்திருக்கலாம்'னு போட்டிருக்கான். அதனாலதான் வீட்ல செய்யலாம்னு பாக்குறேன். எனக்கு ரெண்டு ஷிஃப்ட். சாக்லேட் நானே பாத்து வாங்கித் தரேன். உன்னால முடியுமா?"

நான் தலையாட்டினேன்.

முடியாது என்று சொல்ல வேண்டும் என்றால் வாயைத் திறக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இரண்டு வருடம் தலையாட்டி ஓட்டினேன். பாடத்தைச் சத்தமாகப் படி என்று நிற்கவைத்த நாளில்தான் அது செல்லவில்லை. அதற்குப் பிறகு நான் போகவே இல்லை. உனக்குத் தெரியும்.

நேற்று ஒரு சாக்லேட் கட்டி வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். உருக்கியது நன்றாகத்தான் வந்தது. கழுவிய ஸ்ட்ராபெரியை ஈரத்தோடு உள்ளே விட்டேன். ஒரே நிமிடம். மொத்தச் சாக்லேட்டும் ஈர மண் மாதிரி கட்டி கட்டியாக இறுகிவிட்டது. அப்பா, "ருசி நல்லாத்தான் இருக்கு, சும்மா பாக்கத்தான் சிமென்ட் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

எப்படிச் செய்வது என்று எழுது. ஒன்று விடாமல் எழுது. இங்கே எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

தங்கை


ஜனவரி 9, வியாழன்

அடியே சுண்டெலி,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். கடைசியில் ஸ்ட்ராபெரி. நல்லா இருக்குடி உன் நியாயம். நான் ஃபோன் செய்த நாளெல்லாம் அப்பா எடுப்பதில்லை. ஒரே ஒரு நாள் நீ எடுத்தாய். இரண்டு நிமிடம் நான் உன் மூச்சையும் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு நான் கோபப்பட்டேனா?

எழுப்பியிருந்தால் நீ அழுதிருப்பாய். நீ அழுதால் நான் போயிருக்க மாட்டேன். போயிருக்காவிட்டால் அப்பா பார்த்து வைத்திருந்த இடத்தில் கழுத்தை நீட்டியிருப்பேன். அவ்வளவுதான் காரணம். இனி இதைக் கேட்காதே.

சாக்லேட்டுக்கு வருகிறேன். நான் இங்கே தினமும் நூறு பழமாவது முக்குகிறேன், அதனால் சொல்வதைக் கேள்.

தண்ணீர்தான் எதிரி. பழத்தை முந்தின நாளே கழுவித் துணியில் பரப்பிக் காயவிடு. காம்பைப் பிடுங்காதே, பிடித்து முக்க அதுதான் கைப்பிடி. அடியில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர், மேலே சாக்லேட் கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக் கூடாது, ஆவிதான் பட வேண்டும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடு. கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பாதி உருகியதும் கிண்ணத்தை இறக்கி, மீதியைக் கிளறியே கரைக்கணும். பழத்தை முக்கி, தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, வழிவது நின்றதும் காகிதத்தில் வை. சாக்லேட் கெட்டியாக இருந்து பழத்தில் அப்பிக்கொண்டால் இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிக் கிளறு. இளகிவிடும், பளபளவென்றும் இருக்கும். இங்கே எங்கள் இனிப்பு மாஸ்டரே அப்படித்தான் செய்கிறார்.

முக்கியமான இன்னொன்று, பாத்திரம். சாக்லேட் ஒட்டின கிண்ணத்தை அப்படியே தண்ணீரில் போட்டுவிடாதே. முதலில் காகிதத்தால் வழித்துத் துடை. வெந்நீரை ஒரேயடியாக ஊற்றினால் அது உருகிப் போய்க் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். துடைத்த பிறகு வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடு. விளிம்பு மடிப்பில் ஒட்டியதை நாரால் தேய்த்தால் போகாது, கட்டைவிரல் நகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தேய்க்கணும். அகப்பையின் கழுத்தில்தான் அதிகமாகத் தங்கும், அங்கே யாரும் பார்ப்பதில்லை. கடைசியாக வெறும் தண்ணீர். துடைக்கும் துணி தனியாக இருக்கட்டும்.

கடலையை வீட்டை விட்டே துரத்து. அப்பாவின் சாயங்கால நொறுக்குத் தீனியையும்.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 14, செவ்வாய்

அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். கட்டியாகவில்லை. ஆறு ஸ்ட்ராபெரி முக்கினேன், நான்கு நன்றாக வந்தன. வாழைப்பழ வில்லை கறுத்துப்போயிற்று. ஆரஞ்சுச் சுளையிலிருந்து நீர் கசிந்து சாக்லேட் வெடித்துவிட்டது. அதனால் ஸ்ட்ராபெரி மட்டும் போதும் என்று நர்ஸம்மாவிடம் அப்பாவைச் சொல்லவைத்தேன். எண்ணெய் தேவைப்படவில்லை, நான் வாங்கிய சாக்லேட் தண்ணீர் மாதிரி இளகியது.

கடலை விஷயத்தில் அப்பாவுக்கும் எனக்கும் தினமும் சண்டை. அவருடைய வறுத்த வேர்க்கடலை டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். மூன்று நாள் பொறுத்துக்கொண்டார். நான்காம் நாள் பஸ் டிப்போவிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார், சட்டைப் பையில் தோல் இருந்தது. சட்டையை வாசலிலேயே கழற்றவைத்து, கையைக் கழுவி, வாயையும் கொப்பளிக்கச் சொன்னேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, சொம்பை நீட்டினேன். "ஸ்டியரிங்கப் பிடிச்சு இருபத்திரண்டு வருஷம், ஒரு போலீஸ்காரன் என்ன இப்படிச் சோதன போட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே கொப்பளித்தார்.

கிண்ணம், கரண்டி, தட்டு எல்லாவற்றையும் மூன்று முறை கழுவினேன். அலமாரியை இழுத்து அடியில் துடைத்தேன். அங்கே எப்போதோ உருண்டு போன ஒரு வேர்க்கடலைப் பருப்பு இருந்தது. காகிதத்தில் எடுத்து, தெருமுனைக் குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டேன். தேளைக் கொண்டுபோகிற மாதிரி போனேன்.

நேற்று நர்ஸம்மா என்னை மேலே கூப்பிட்டார். கைப்பையைத் திறந்து ஒரு ஊசியைக் காட்டினார். பேனா மாதிரி இருக்கிறது. "இது எப்பவும் இந்தப் பையிலதான் இருக்கும். தொடையில குத்தணும், டவுசர் மேலயே குத்தலாம். பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்லி வைக்கிறேன்." போன வருடம் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தானாம். அவர் அதைச் சொல்லும்போது பையன் கட்டிலுக்கடியில் ஙொய் என்று ஊர்ந்துகொண்டிருந்தான். "தூங்கும்போதுகூட இந்தச் சத்தம் இருக்கும். வாயில ஏதாவது இருந்தாத்தான் நிப்பாட்டுவான்" என்றார்.

இப்போது இரவில் படுத்தால் மேலே அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். கேட்காவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இன்னும் ஒன்றும் செய்யவே இல்லை, அதற்குள் இப்படி.

நான் மாட்டேன் என்று நீயே அப்பாவுக்கு எழுதிச் சொல்லேன். படித்தாலும் அவர் கேட்கமாட்டார், தெரியும். சும்மா கேட்டேன்.

தங்கை


ஜனவரி 19, ஞாயிறு

சுண்டெலி,

உனக்கு எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. இங்கே இரண்டு கல்யாண விருந்து ஒன்றாக வந்துவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது, பேனாவைப் பிடித்தால் எரிகிறது. அதனால் சுருக்கமாக.

மாட்டேன் என்று நான் எழுதப்போவதில்லை. அலமாரிக்கு அடியில் கிடந்த ஒரு பருப்பைக் கண்டுபிடித்தவள் நீ. உன்னைவிடப் பத்திரமாக இதை யார் செய்வார்கள்?

அன்றைக்குத் தட்டை அப்பாவிடம் கொடுத்தனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு போ. போய், "இந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல். ஒரே ஒரு வார்த்தை. பிறகு ஓடி வந்துவிடு. உனக்குப் பதினாறு வயசு ஆகிறது. காலமெல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்க முடியுமா?

உன் அக்கா


ஜனவரி 25, சனி, நாலு இருபது

அக்கா,

என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னிடம் கேட்க முடியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நாற்பது பழம். நாற்பதும் நன்றாக வந்தன. நாலு மணிக்கு அப்பா டியூட்டிக்குக் கிளம்பினார். நீயே எடுத்துக்கொண்டு போ என்று எழுதியிருந்தாய், நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். மேலே நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. தட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அவர் மேலே கொடுத்துவிட்டு அப்படியே டிப்போவுக்குப் போய்விட்டார்.

நான் அடுக்களையை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தேன். நர்ஸம்மா கொடுத்த சாக்லேட் நான் முன்னே வாங்கியது மாதிரி இல்லை. கறுப்பாக, கெட்டியாக இருந்தது. பழத்தில் அப்பிக்கொண்டது. அதனால் நீ எழுதியிருந்தபடி இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றினேன். அடுப்புப் பக்கத்தில் இருக்கிற எண்ணெய்த் தூக்கிலிருந்துதான். அது காலியாகிவிட்டது. மறுபடி நிரப்பலாம் என்று பரணிலிருந்து பெரிய டின்னை இறக்கினேன். நீ போன பிறகு அப்பாதான் இறக்கி நிரப்புவார். நான் இறக்கியது இன்றைக்குத்தான்.

டின்னில் கடலைச் செடி படம் போட்டிருக்கிறது. வேரோடு, காயோடு. செக்கில் ஆட்டிய சுத்தமான கடலை எண்ணெய் என்று போட்டிருக்கிறது.

அக்கா, நான் அலமாரிக்கு அடியில் தேடினேன். அப்பாவின் சட்டைப் பையில் தேடினேன். எண்ணெயை நான் நினைக்கவே இல்லை. எண்ணெய் என்றால் எண்ணெய் என்றுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து இந்த வாசனைதான் எனக்கு எண்ணெயின் வாசனை. கடலை வாசனை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டு தடவை படிக்கட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மேலே இருபது பேராவது இருப்பார்கள். செருப்பு எல்லாம் படிக்கட்டு வரைக்கும் கிடக்கிறது. நான் போய் நின்றால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். என்னம்மா என்று கேட்பார்கள். எனக்குக் குரல் வராது. எனக்குத் தெரியும் வராது.

எண்ணெயாக இருந்தால் ஒன்றும் செய்யாதோ? காய்தானே ஆகாது? இரண்டு ஸ்பூன், நாற்பது பழத்துக்கு. ஒரு பழத்துக்கு எவ்வளவு வரும்? ஒரு சொட்டுக்கூட வராதே. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் என்று சொன்னார். துணுக்கு பெரிதா, சொட்டு பெரிதா?

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிறந்தநாள் பாட்டு இன்னும் கேட்கவில்லை. பாடிய பிறகுதானே கொடுப்பார்கள். அவன் சத்தம் இங்கே நன்றாகக் கேட்கிறது. நம் தலைக்கு மேலே ஜன்னல் பக்கமாகப் போகிறது, திரும்பி வருகிறது. அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் அவன் வாயில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அப்பா ஃபோனையும் கொண்டுபோய்விட்டார். யாராவது கீழே இறங்கி வந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஒருத்தரும் வரவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நானே போகலாம். போய் அதை நீட்டலாம். வாங்கிப் படிக்க வேண்டுமே. சத்தத்தில் யார் படிப்

சத்தம் நின்றுவிட்டது


ஜனவரி 29, புதன்

சுண்டெலி, என் தங்கமே,

உன் கடிதம் இன்றைக்குப் பகல் வந்தது. மடித்து, உறையில் போட்டு, ஒட்டி வந்திருக்கிறது. உறை மேலே அப்பா கையெழுத்து. நீ பாதியில் விட்டதை அவர் எடுத்துப் போட்டிருக்கிறார். படித்தாரா, படிக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. நாலு நாள் ஆகிவிட்டது. அந்தப் பையன் இருக்கிறானா? நீ எங்கே இருக்கிறாய்?

அப்பாவுக்குப் பதினொரு தடவை ஃபோன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது தடவை அணைத்து வைத்திருந்தது. செய்தி அனுப்பினேன், அவர் அதையெல்லாம் திறந்து பார்க்க மாட்டார். லீவு கேட்டேன். இந்த மாதம் ஒருத்தருக்கும் கிடையாது, போனால் திரும்பி வராதே என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், இந்த வேலையை விட்டுவிட்டு அங்கே கிளம்பி வந்துவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து படி.

நான் ஒரு பழத்தையும் முக்கியதில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஒன்றுகூட இல்லை. நான் பாத்திரம் தேய்க்கிறேன். இனிப்பு செய்கிற மேடைக்கு நேர் எதிரில் என் தொட்டி. நிமிர்ந்தால் அவர்கள் செய்வது தெரியும். அவ்வளவுதான் என் சாக்லேட் வேலை. வீட்டை விட்டு வந்து இதுவா செய்கிறாய் என்று அப்பா கேட்பார் என்று முதல் மாதம் அவருக்குப் போட்ட ஒரு கடிதத்தில் பொய் எழுதினேன். அவர் அதைப் படித்திருக்கிறார், ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நீ கேட்டபோது அந்தப் பொய் மேலேயே நின்றுகொண்டு உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மாஸ்டர் ஒரு பாட்டிலிலிருந்து சாக்லேட்டில் ஏதோ ஊற்றுவார். மஞ்சளாக இருக்கும். எண்ணெய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் கை ஈரத்தோடு ஓடிப் போய்க் கேட்டேன். "தொட்டிய விட்டு உன்ன யாரு வரச் சொன்னது?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அது கோகோவிலிருந்தே எடுக்கிற கொழுப்பாம், உருக்கி வைத்திருப்பதாம். "வீட்ல செய்றவங்க எண்ணெய் ஊத்துவாங்க. யாருக்குக் குடுக்கிறோம்னு பாத்துதான் எந்த எண்ணெய்னு சொல்லணும்" என்றார்.

பையனுக்குக் கடலை ஆகாது என்று நீ எனக்கு எழுதியிருந்தாய். நம் வீட்டில் என்ன எண்ணெய் என்று உன்னைவிட எனக்குத்தான் தெரியும். எட்டு வருடம் அதில் சமைத்தவள் நான். அந்த டின்னை எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறேன். அப்படியும் எழுதினேன்.

யாராவது உன்னைக் கேட்டால், போலீஸே வந்தாலும், என் அக்காதான் ஊற்றச் சொன்னாள் என்று சொல். கடிதத்தைக் காட்டு. எரித்துவிடாதே.

ஒரு வரி எழுது. நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அக்கா


பிப்ரவரி 2, ஞாயிறு

அக்காவுக்கு,

அவன் இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது என் தலைக்கு மேலே ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான்.

உன் கடிதம் நேற்று வந்த பிறகுதான் நான் பாதியில் விட்ட கடிதம் உனக்கு வந்த கதையே எனக்குத் தெரியும். அப்பாவைக் கேட்டேன். "மேசையில கெடந்துது. உனக்குப் போஸ்ட் பண்ண நேரம் இருக்காதுன்னு நான்தான் போட்டேன்" என்றார். படிக்கவில்லையாம். அடுத்தவர் கடிதத்தை அவர் படிக்கிற ஆள் இல்லை. உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. பதினொரு தடவை ஃபோன் அடித்ததை மட்டும் சொன்னேன். அன்றைக்கு அடித்தபோது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம். நேற்று ராத்திரி ஃபோனைக் கையில் வைத்து உன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தவில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

சத்தம் நின்றதும் நான் ஓடினேன். எண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. பாட்டெல்லாம் பாடவில்லை, பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள் என்று தட்டை முதலிலேயே வைத்துவிட்டார்கள். பாதிப் பழத்துக்கு மேல் காலி. வண்டு சோபாவின் கை மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு பழத்தை முடித்துவிட்டு இரண்டாவதைக் கடிக்க வாயைத் திறந்துகொண்டிருந்தான்.

நான் சொன்னேன். "கடல எண்ணெ" என்று சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, "வாம்மா, நீதான் செஞ்சதா? இன்னும் இருக்கா?" என்று டின்னைப் பார்த்துச் சிரித்தார். நான் போய் அவன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். பழம் சுவரில் பட்டு விழுந்தது. அவன் ஓவென்று அழுதான். "ஏய், என்ன பண்ற? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்று அதே ஆள் என் தோளைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பயந்தது அப்படியே நடந்தது.

நர்ஸம்மா உள்ளே இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று சொல்லிச் சொல்லி என்னை நிறுத்திவைத்தார்களே, அப்போது வராத சத்தம் அன்றைக்கு வந்தது. "நான் கடல எண்ணெ ஊத்திட்டேன், அவன் சாப்பிட்டுட்டான்" என்று கத்தினேன். தெருவில் போகிறவருக்குக்கூடக் கேட்டதாம்.

நர்ஸம்மா வந்து நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். அழுததால் சிவந்திருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். கீழுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. "எத்தன?" என்று என்னைக் கேட்டார். "ஒண்ணு" என்றேன். "எவ்வளவு எண்ணெ?" "ரெண்டு ஸ்பூன். நாப்பது பழத்துக்கு." அதற்குள் பையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்திவிட்டார்.

காரில் என்னையும் ஏற்றினார். "டாக்டர் கேப்பாரு. நீதான் சொல்லணும், தலையாட்டிக்கிட்டு நிக்காத." போகிற வழியில் அவன் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் இரண்டு ஸ்பூன், அரைக் கிலோ சாக்லேட், ஒரு பழம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் கேட்டதும் சொன்னேன். இன்னொரு டாக்டர் வந்து கேட்டார், அவரிடமும் சொன்னேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சு ஒரு வருடத்துப் பேச்சு.

அவனை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சீக்கிரம் ஊசி போட்டதால் பிழைத்தான் என்று டாக்டர் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தையும் அவர் கணக்கில் சேர்த்தாரா என்று தெரியவில்லை. நான் சேர்த்துக்கொள்கிறேன். நீ எண்ணெய் என்று எழுதியது ஒரு தப்பு. தெரிந்த பிறகும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது என் தப்பு. அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது. நர்ஸம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டேன்.

நீ பாத்திரம் தேய்க்கிறாய் என்று உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். பழம் முக்குவதைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தாய். கிண்ணம் கழுவுவதைப் பற்றி அதே அளவு எழுதியிருந்தாய், அதுதான் இன்னும் நன்றாக இருந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. கைக்கு ஏதாவது களிம்பு போடு.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நேற்று சாயங்காலம் நர்ஸம்மா கீழே வந்தார். இந்த ஒரு வாரமாக என்னிடம் பேசவில்லை. இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"உம்மேல எனக்கு இன்னும் கோபம்தான். அது சீக்கிரம் போகாது. போகணும்னு நீயும் எதிர்பாக்காத" என்றார். பிறகு, "எனக்குத் திங்கக்கிழமையிலருந்து பகல் டியூட்டி. அவன் ஸ்கூல் விட்டு வந்தா மூணு மணி நேரம் யாராவது பாத்துக்கணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இதுவரைக்கும் எதிர்வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவார்.

"எதிர்வீட்டுக்காரங்க நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா? ஒரு சொட்டு எண்ணெக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தாப் பழகிடும்னு சொல்றாங்க. மூணு வருஷமா அவங்ககிட்டதான் விட்டுட்டுப் போயிருக்கேன். எனக்கு இப்ப நல்லாச் சமைக்கிற ஆள் வேண்டாம், அன்பானவங்களும் வேண்டாம். பயப்படுற ஆள் வேணும். இந்தக் கட்டடத்துல என்னை மாதிரிப் பயப்படுறது நீ ஒருத்திதான்."

நான் தலையாட்டப் போனேன். "வாயத் தொறந்து சொல்லு" என்றார்.

"முடியாதுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. நான் ஏன் முடியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். சட்டைப் பையில் தோல் இருக்கும், கதவுக் கைப்பிடியில் யாராவது தொட்டிருப்பார்கள், பிஸ்கட் உறையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தண்ணீர் சொம்பை அப்பா வாயில் வைத்துக் குடிப்பார். சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கடைசியில் நோட்டை மூடி, "சொம்ப நான் யோசிக்கவே இல்ல" என்றார். பிறகு இன்னொரு ஊசியை எடுத்து நம் மேசை மேல் வைத்தார்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். உன்னைக் கேட்கலாம் என்றால் நாளைக்கே திங்கட்கிழமை. இன்றைக்குக் காலையில் நானே மேலே போய்க் கதவைத் தட்டி, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். அதற்குள் அவன் நாலு சாயங்காலம் இங்கே இருந்திருப்பான். அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று இதில் இருக்காது. நீ இதைப் படிக்கும்போது மூன்றரை மணி தாண்டியிருந்தால், நான் அடுக்களை வாசலில் நின்று அவன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது நின்றால் அடுத்த நொடி அவன் பக்கத்தில் இருப்பேன். எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தங்கை